நோர்ட்கார்ட் வீட்டுக் கொடிக்கம்பம்

அன்று நோர்ட்கார்ட் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் ஆமுண்ட் நோர்ட்கார்ட். அவர் மனைவி ஹால்டிஸ். ஹாமர் நகரத்திலிருந்து வந்திருந்த மகள் ராக்ன்ஃபிரிட், அவள் கணவன் ட்ரோண்ட். பழைய தபால்காரி போர்ஹில்ட். தேவாலயத்தில் மணி அடிக்கும் எம்ப்ரெட். அன்று தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்ட வேறு பலர் அங்கே இல்லை. ஆமுண்டின் தம்பி சீவெரும் இல்லை. அவர் ஆற்றுக்கு அக்கரையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் குடியிருந்தார். ஆனால் இருபத்திரண்டு வருடங்களாக யாரும் கூப்பிடவில்லை.

அது 1994, பிப்ரவரி மாதம். குளிர்கால ஒலிம்பிக் நார்வேயில் நம் பள்ளத்தாக்கின் வாசலுக்கே வந்திருந்த வருடம். லில்லஹாமரில் பனியில் கூடாரம் போட்டுப் படுத்து, விடிந்ததும் பந்தயத் தடத்தின் ஓரத்தில் இடம் பிடித்தார்கள் ஜனங்கள். மூக்கு நுனி உறைகிற குளிரில் நின்றுகொண்டு, தங்கள் நாட்டவன் என்றும் பிற நாட்டவன் என்றும் பாராமல் கடந்துபோன ஒவ்வொருவனுக்கும் குரல் கொடுத்தார்கள். கடைசியாக வருகிறவனுக்குத்தான் சத்தம் அதிகம். அந்த இரண்டு வாரமும் பள்ளத்தாக்கில் கொடி பறக்காத கம்பம் கிடையாது.

நோர்ட்கார்டில் கொடி காலை ஒன்பது மணிக்கு ஏறும். சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போனதும் இறங்கும். சட்டப்படி சூரிய அஸ்தமனம் வரை விடலாம். ஆனால் மலை மறைத்தபின் வரும் வெளிச்சம் இரவல் வெளிச்சம் என்பது ஆமுண்டின் அப்பா சொன்ன கணக்கு. ஆமுண்டும் அதையே பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது வயது எழுபத்து நாலு. நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்காருவார். யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான்.

அன்றைய பந்தயம் நால்வர் ஓடும் தொடர் பனிச்சறுக்கு. நார்வேயில் அதற்குச் சமமாக வேறு எதுவும் இல்லை. நார்வேயின் கடைசி ஆள் கடைசி மேட்டில் ஏறும்போது இத்தாலிக்காரன் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தான்.

"முன்னால விடு அவனை," என்றான் ட்ரோண்ட், தொலைக்காட்சியைப் பார்த்து. "பின்னாலயே ஒளிஞ்சு வரான் பாரு."

"அவன் காதுல விழாது," என்றாள் போர்ஹில்ட். "நீ கொஞ்சம் உக்காரு. மறைக்குது."

இருவரும் சேர்ந்துதான் அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது இத்தாலிக்காரனின் கால் முன்னால் இருந்தது. அரை நொடிகூட வித்தியாசமில்லை. அத்தனை பெரிய கூட்டம் ஒரு கணம் மூச்சு விடாமல் நின்றது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது.

முன்னறையில் ஆமுண்ட் நிமிர்ந்த முதுகோடு எழுந்து நின்று கை தட்டினார். நாலைந்து தட்டு. பிறகு உட்கார்ந்தார்.

"எதுக்கு மாமா?" என்றான் ட்ரோண்ட். "தோத்துட்டோம்."

"ஜெயிச்சவனுக்கு. எங்க அப்பா தட்டுவார். நானும் தட்டுறேன்."

இரண்டாவது சுற்றுக் காபியை யாரும் கேட்கவில்லை. போர்ஹில்டும் எம்ப்ரெட்டும் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ராக்ன்ஃபிரிட்டும் ட்ரோண்டும் பதக்கம் கொடுப்பதைப் பார்க்க லில்லஹாமருக்குக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ட்ரோண்ட் கம்பத்தைப் பார்த்து, "இனிமே எதுக்கு பறக்குது? இறக்கிடலாமே," என்றான். தோற்றதற்காகக் கொடியை இறக்குகிற வீடு அது இல்லை என்பதை மருமகனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதே ஆமுண்டுக்கு வருத்தமாக இருந்தது.

அந்தக் கம்பத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் ஜெர்மானியர் ஆட்சியில் வீட்டுக் கொடி மாவுப் பெட்டியின் அடியில் கிடந்தது. ஐந்து வருடம் அம்மா அந்தப் பெட்டியை வேறு யாரையும் திறக்க விடவில்லை. விடுதலை வந்த நாற்பத்தைந்தாம் வருடக் கோடையில் அப்பா தன் காட்டிலேயே நெட்டையான ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெட்டினார். ஆமுண்டும் சீவெரும் பட்டை உரித்து, இழைத்து, வெள்ளை பூசினார்கள். இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவில் இரும்பு அச்சில் கம்பத்தை நிறுத்தினார் அப்பா. கயிறு மாற்றவோ சாயம் பூசவோ வேண்டுமானால் அடியிலுள்ள தாழ்ப்பாளை உருவிக் கம்பத்தையே சாய்க்கலாம். ஆனால் ஒரு ஆளால் முடியாது. ஒருவர் அடியில் நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிப் பாரத்தைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மற்றவர் கவைக்கோலால் கம்பத்தை ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். அப்பா அதை வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா என்று ஆமுண்ட் பின்னாளில் யோசித்ததுண்டு. பிள்ளைகள் இருவர் என்பதால் இரண்டு ஆளுக்கான கம்பம்.

அண்ணன் தம்பி பிரிந்ததும் அந்தக் கம்பத்தால்தான். எழுபத்திரண்டாம் வருடம் ஐரோப்பியக் கூட்டுச் சந்தையில் நார்வே சேரலாமா வேண்டாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. ஆமுண்ட் வேண்டாம் என்றார். சீவெர் வேண்டும் என்றார். எத்தனையோ வீடுகளில் அந்த வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றுபோனது. அதுவும் ஒருநாள் சரியாகியிருக்கும். ஆனால் வேண்டாம் என்றவர்கள் ஜெயித்த மறுநாள் காலையில் ஆமுண்ட் கொடியை உச்சிவரை ஏற்றினார். அக்கரையில் சீவெரின் சமையலறை ஜன்னலுக்கு நேரே அது பறந்தது. "நாட்டோட கொடியை எடுத்து என் மூஞ்சியில வீசிட்டான்," என்று கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார் சீவெர். அதற்குப் பிறகு அவர் பாலத்தைத் தாண்டவில்லை. ஆமுண்டும் தாண்டவில்லை.

மலை சூரியனை மறைத்தது. ஆமுண்ட் கையுறை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கயிற்றை அவிழ்த்தார். கொடி பாதிவரை வழக்கம்போல் இறங்கியது. அங்கே நின்றது.

இழுத்தார். அசையவில்லை. உச்சிச் சக்கரத்தில் பனி இறுகிக் கயிற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. மேலே ஏற்றிப் பார்த்தார். அதற்கும் வரவில்லை. உதறினார், வைதார், காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கொடி அரைக்கம்பத்தில் நின்றது.

நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு.

தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. ஹால்டிஸ் இடுப்பு வலியோடு நொண்டிக்கொண்டே போய் எடுத்தாள். திறந்த கதவு வழியாக அவள் குரல் முற்றத்துக்கு வந்தது.

"இல்ல, இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவரா? நல்லாத்தான் இருக்கார். கயித்தோட சண்டை போட்டுட்டிருக்கார். உனக்குக் கேக்கலையா?"

வைத்த உடனே மறுபடி அடித்தது.

"ஆமுண்ட்," என்று கூப்பிட்டாள் ஹால்டிஸ். "கடைக்காரி கேக்கறா, பந்தயத்துல தோத்ததுக்காகவா அரைக்கம்பம்னு. என்ன சொல்லட்டும்?"

"அவளை வேலையைப் பாக்கச் சொல்லு."

"கயித்தை அறுத்துடேன்."

"அறுத்தா கொடி கீழ விழும்."

"பனியிலதான விழும்."

ஆமுண்ட் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஹால்டிஸ் ஐம்பது வருடம் பழகியவள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மாவுப் பெட்டியில் ஐந்து வருடம் மறைந்திருந்த கொடி தரையைத் தொட்டதில்லை. இருட்டில் கம்பத்தில் கிடந்ததும் இல்லை. இரவல் வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். அதற்குள் கம்பத்தைச் சாய்க்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரைக் கூப்பிடுவதைவிட இரவு முழுக்க அங்கேயே நின்று கொடிக்குக் காவல் இருக்கலாம் என்று ஆமுண்ட் தீர்மானித்தார். அதைச் செய்யவும் தயாராகத்தான் இருந்தார்.

அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து பனியில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. நாற்காலி பொருத்திய சறுக்கு வண்டியைக் காலால் உந்திக்கொண்டு ஒரு கறுப்பு உருவம் மேடேறி வந்தது. கறுப்புக் கோட்டு, கறுப்புக் கால்சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டை. வண்டியின் நாற்காலியில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று. முற்றத்துக்குள் வந்து நின்றார் சீவெர். கம்பத்தடியில் நிற்கும் ஆளைப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹால்டிஸா?" என்றார் கடைசியில். குரல் பிசிறியது.

"உள்ள காபி போட்டுட்டிருக்கா."

"அப்ப செத்தது யாரு?"

"யாரும் சாகல. கயிறு மாட்டிக்கிச்சு."

சீவெர் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். தன் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"கயிறு."

"கயிறுதான்."

"நான் சாவுக்கோட்டு போட்டுட்டு வந்திருக்கேன்."

"தெரியுது. நடுப்பொத்தானைப் போடல."

"போட முடியல. அம்மா போனப்ப தச்சது."

ஆமுண்ட் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"யாருன்னு நெனச்ச?" என்றார் ஆமுண்ட்.

"உன்னைத்தான். வேற யாரை நெனப்பேன்? ஹால்டிஸ் நல்ல மனுஷி, அவளுக்கு இப்ப என்ன வரப்போகுது." சீவெர் மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டார். குளிரில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும். "தோத்ததைப் பாத்துட்டு மாரடைப்பு வந்திருக்கும்னு நெனச்சேன்."

"தோத்ததுக்கெல்லாம் நோர்ட்கார்ட்ல யாரும் சாகறதில்ல."

"அது என்னமோ நிஜம்." சீவெர் திரும்பி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலை எடுத்துப் பலகையில் வைத்தார். அத்தோடு போயிருப்பார். ஆமுண்டுக்கு அது தெரிந்தது. அவர் சொல்ல வேண்டிய சொல் இருபத்திரண்டு வருடப் பழையது. அது வெளியே வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"கவைக்கோல் இன்னும் கொட்டகையில பழைய இடத்துலதான் இருக்கு," என்றார்.

சீவெர் காலைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கொட்டகைக்குப் போனார். வழி கேட்கவில்லை.

ஆமுண்ட் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டி உருவினார். அடியில் நிற்பது மூத்தவன், நுனிக்குப் போவது இளையவன். அப்பா வைத்த ஒழுங்கு. கம்பம் முனகிக்கொண்டு சாயத் தொடங்கியது. எழுபது வயது சீவெர் கோலை உயர்த்தி அதை ஏந்திக்கொண்டு முழங்கால் அளவு பனியில் பின்னாலேயே நடந்தார்.

"மெதுவா விடுண்ணா," என்றார். "மெதுவா. நீ எப்பவும் கடைசியில அவசரப்படுவ."

அண்ணா என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. வேலையோடு வேலையாக வந்துவிட்டது. ஆமுண்டின் இடுப்பில் கயிறு இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்.

கொடி கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தபோது சீவெரின் கால் பனிக்குள் புதைந்தது. கோலைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, விழுகிற வேகத்திலேயே கொடியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மல்லாந்து விழுந்தார். கம்பம் கோலின்மேல் நின்றது. பனிக்குள் சீவெர் கிடந்தார். கறுப்புக் கோட்டின்மேல், நெஞ்சில், சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கொடி.

ஆமுண்ட் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு ஓடிவந்தார். அவர் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"கீழ படல," என்றார் சீவெர், படுத்தபடியே.

"நீ பட்டிருக்க."

"நான் கொடியில்ல. முதல்ல இதைப் பிடி. அப்புறம் என்னைத் தூக்கு."

சிரிப்பை முதலில் ஆரம்பித்தது யார் என்பதில் பின்னால் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

கொடியை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தார்கள். சமையலறையில் ஹால்டிஸ் மூன்றாவது கோப்பையை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். சீவெர் செய்தித்தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார். உள்ளே தொட்டியோடு ஒரு ஜெரேனியம் செடி. பூ இல்லை.

"உனக்குன்னு கொண்டு வந்தது," என்றார் அண்ணனிடம். "பிப்ரவரியில வேற என்ன கிடைக்கும்? நீ இருக்கறதால ஹால்டிஸ் வெச்சுக்கட்டும்."

தொலைபேசி அடித்தது. "நான் செத்துட்டேன்னு சொல்லு ஹால்டிஸ்," என்றார் சீவெர். "யாராவது கேக் செஞ்சு எடுத்துட்டு வருவாங்க."

காபி பாதி ஆனபிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கை தட்டினியா?"

"தட்டினேன்."

"நானும் தட்டினேன். தனியா. நாய் எழுந்து ஓடிப்போச்சு."

ஆமுண்ட், அக்கரையில் ஒருவன் ஒண்டியாக எழுந்து நின்று தொலைக்காட்சிக்குக் கை தட்டியதை நினைத்துப் பார்த்தார். அதே நேரம், அதே தட்டு. பந்தயத்தில் தோற்ற வருத்தம் அந்த நிமிடத்தில் அவருக்குப் போய்விட்டது.

அந்த வருடத்தின் மற்ற மாதங்கள் எப்படிப் போயின என்று ஆமுண்ட் பின்னாளில் எண்ணிப் பார்க்கும்போது, எல்லாமே ஒரே நீண்ட வெளிச்சமான நாளாகத்தான் தெரிந்தது. மே பதினேழு, தேசிய நாளன்று, குழந்தைகளின் ஊர்வலத்துக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் பள்ளத்தாக்கின் பழைய உடுப்பில், வெள்ளிப் பொத்தான் மின்ன, ஒன்றாக நடந்தார்கள். பார்க்காததுபோல் எல்லோரும் பார்த்தார்கள். ஜூனில் கம்பத்தைச் சாய்த்து வெள்ளை பூசி, புதுக் கயிறு மாட்டினார்கள். உலகக் கோப்பைக் கால்பந்து சீவெர் வீட்டில். பிரிவில் நான்கு அணிகளும் ஒரே புள்ளியில் நிற்க, நார்வே மட்டும் கடைசியாகி வெளியேறியது. "இப்படித் தோக்கறதுக்கும் ஒரு திறமை வேணும்," என்றார் சீவெர். ஆமுண்டுக்கு அது வேடிக்கையாகவே இருந்தது. ஆகஸ்டில் இருவரும் தனித்தனியே காட்டில் மஞ்சள் பெர்ரி பறித்தார்கள். அது எங்கே விளைகிறது என்பதை மட்டும் பழையபடி ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தோடு வாக்கெடுப்பும் வந்தது. இந்த முறை ஐரோப்பிய ஒன்றியம். அதே கேள்வி, அதே இரண்டு பதில். சீவெர் சட்டையில் 'வேண்டும்' சின்னம் குத்திக்கொண்டார். நோர்ட்கார்டுக்கு வரும்போது மட்டும் வாசலில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்.

"அதைக் கழட்டாத," என்றார் ஆமுண்ட் ஒருநாள். "என் வீட்டுக்கு என் தம்பி ஒளிச்சு வெச்சுக்கிட்டு வர வேண்டாம். குத்திக்கிட்டே வா."

குத்திக்கொண்டே வந்தார். பால் விலை, மீன், எல்லை, பேரப்பிள்ளைகள் என்று வாதம் நடக்கும். ஹால்டிஸ் மரக்கரண்டியால் மேஜையைத் தட்டினால் நிற்கும். ஆனால் அக்டோபர் கடைசியில் சீவெர் குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்.

"உங்க பக்கம் ஜெயிச்சா, இந்தத் தடவையும் ஏத்துவியா?"

ஆமுண்டின் முதுகு விறைத்தது. "என் கம்பத்துல எப்ப ஏத்தணும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும். எனக்கும் தெரியும்." சீவெர் குல்லாயை எடுத்துக்கொண்டார். "நம்ம கம்பம்னு சொல்வார் அப்பா."

அதற்குப் பிறகு பல வாரம் அவர் வரவில்லை. ஜன்னலில் ஜெரேனியத்துக்கு ஹால்டிஸ் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஆமுண்ட் வேறு பக்கம் பார்த்தார்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி பள்ளிக்கூடத்தில் வாக்களித்தார்கள். சீவெர் வரிசையில் முன்னால் நின்றார், ஆமுண்ட் பின்னால். தலையாட்டிக்கொண்டார்கள். அன்று இரவே முடிவு தெரிந்துவிட்டது. நாடு மறுபடியும் வேண்டாம் என்றது.

மறுநாள் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கக் கொடிகள் ஏறின. ஒன்பது மணிக்கு ஆமுண்ட் மேஜை இழுப்பறையைத் திறந்து கொடியை எடுத்தார். பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு வெளியே வந்து கம்பத்தடியில் நின்றார். ஜெயித்திருந்தார். இரண்டு முறையும் ஜெயித்திருந்தார். அந்தப் பெருமை பொய்யில்லை. அக்கரையில் சமையலறை விளக்கு எரிந்தது. ஜன்னலில் ஒரு நிழல் அசையாமல் நின்றது.

கயிற்றில் கையை வைத்தார். பிறகு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பினார். மடிப்புக் கலையாமல் இழுப்பறையில் வைத்து மூடினார்.

"என்ன, கயிறு மறுபடி மாட்டிக்கிச்சா?" என்றாள் ஹால்டிஸ்.

"ஆமா."

"புதுக் கயிறாச்சே."

"புதுசும் மாட்டும்."

ஹால்டிஸ் மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள். காபி கொதித்து முடிவதற்குள் முற்றத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. சீவெர் உள்ளே வந்து, சின்னத்தைக் கழற்றாமலே உட்கார்ந்து, "சர்க்கரை எங்க?" என்றார்.

சகோதரர்கள் இருவரும் இப்போது ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் போனபோது அதே கம்பத்தில் கொடி அரைவரை இறங்கியது. இரண்டு முறையும் கயிறு மாட்டிக்கொள்ளவில்லை.

வாக்கெடுப்புக்கு மறுநாள் கம்பம் வெறுமையாக நின்றதைப் பார்த்தவர்கள், தம்பிக்காக ஆமுண்ட் கடைசி நேரத்தில் மனம் மாறி 'வேண்டும்' என்று வாக்களித்துவிட்டார் என்று கடையில் பேசினார்கள். இன்றும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மையில்லை. ஆமுண்ட் நோர்ட்கார்ட் 'வேண்டாம்' என்றுதான் வாக்களித்தார்.